கொடியைத் தூக்கினால் போதும்: இமாக்ஸின் கீபோர்டு சிக்னல் ஏற்பாடு, ஒரு மதிப்புரை

பல லட்சம் வரி கொண்ட லாக் கோப்பில் மோசமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் (தேடல் வடிவம்) ஒன்றைக் கொடுத்துத் தேடவிட்டால் எந்த எடிட்டரும் திணறும். அந்த நேரத்தில் கண்ட்ரோல்-ஜி அடித்தால் இமாக்ஸ் எடிட்டர் தேடலைக் கைவிட்டுத் திரும்பி வருகிறது. திறந்திருக்கும் பஃபர்களில் (திருத்தும் உரைகளில்) ஓர் எழுத்துகூடக் கெடுவதில்லை. அந்த ஒரு விசை ஒழுங்காக வேலை செய்வதற்காக உள்ளே எழுதப்பட்டிருக்கும் நிரல்தான் இங்கே மதிப்புரைக்கு எடுத்துக்கொண்ட சரக்கு. கீபோர்டு.சி, சிஸ்டெப்.சி, டிஸ்ப்நியூ.சி என்ற மூன்று கோப்புகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். 26-ஆம் வரிசையிலிருந்து இன்றுவரையிலான இமாக்ஸை வைத்தே பேசுகிறோம். லினக்ஸில் எக்ஸ் விண்டோ (வரைகலைச் சன்னல்), டெர்மினல் (உரைத் திரை) இரண்டும் கணக்கில் உண்டு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சொந்தமாக எடிட்டரோ, ஷெல்லோ, டெர்மினலில் ஓடும் வேறு எதுவோ எழுதுகிறவர்கள் கூச்சப்படாமல் காப்பியடிக்கலாம். காப்பியடிக்கக் கூடாத இடங்கள் இரண்டு உண்டு. அவை பின்னால் வரும்.

முதலில், சிக்னல் எதற்கு? சிக்னல் என்பது ஓடும் நிரலை இடைமறித்துக் கர்னல் (இயக்கமுறைமையின் மையம்) தரும் அறிவிப்பு; அது வந்ததும் ஓடும் செயற்கூறுதான் ஹேண்ட்லர். இமாக்ஸின் மைய வேலை ஒரே த்ரெட்டில் (செயல் இழையில்) ஓடுகிறது. அதன் கட்டளைகளை ஓட்டும் லிஸ்ப் மொழி நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது கீபோர்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. டெர்மினலில் இதற்குக் குறுக்குவழி இருக்கிறது. டெர்மினல் அமைப்பில் குறுக்கீட்டு விசைக்கான இடத்தில் கண்ட்ரோல்-சி-யை எடுத்துவிட்டுக் கண்ட்ரோல்-ஜி-யை வைத்துவிடுகிறார்கள். விசையை அழுத்தியதும் கர்னலே சிக்இன்ட் என்ற குறுக்கீட்டுச் சிக்னலை அனுப்பிவிடும். எக்ஸ் விண்டோவில் இது நடக்காது. அங்கே கண்ட்ரோல்-ஜி என்பது சாக்கெட் என்ற தொடர்புக் குழாய் வழியே வரும் சில பைட்டுகள். சாக்கெட்டைப் படித்துப் பிரித்தால்தான் வந்தது எந்த விசை என்றே தெரியும். ஆகவே சாக்கெட்டில் ஏதாவது வந்தால் தெரிவி என்று கர்னலிடம் சொல்லிவைக்க வேண்டும். எஃப்சிஎன்டிஎல் அழைப்பால் எஃப்_செட்ஓன் கொடுத்துத் தன் பிராசஸ் எண்ணைப் பதிவு செய்து, ஓ_அசிங்க் கொடியைப் போட்டால், பைட் வந்ததும் சிக்ஐஓ என்ற சிக்னல் வரும். எக்ஸ்86 லினக்ஸில் அதன் எண் 29.

இதில் வரிசை மாறக் கூடாது. லினக்ஸில் சிக்ஐஓ-வுக்கு ஹேண்ட்லர் இல்லையென்றால் பிராசஸைக் கொல்வதுதான் வழக்கமான செயல். ஓ_அசிங்கை முதலில் போட்டுவிட்டு ஹேண்ட்லரை அடுத்த வரியில் பொருத்தினால், இடைப்பட்ட நொடித்துளியில் யாராவது ஒரு விசையைத் தட்டினால் போதும், எடிட்டர் காலி. ஷெல்லில் 'ஐ/ஓ பாசிபிள்' என்று ஒரு வரி மட்டும் மிஞ்சும். அந்த வரியைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

சிக்ஐஓ ஒழுங்காகக் கிடைக்காத கணினிகளில் இமாக்ஸ் அவ்வப்போது தானே எட்டிப் பார்க்கும். அந்த இடைவெளியைச் சொல்லும் போலிங்-பீரியட் மாறியின் இயல்பான மதிப்பு 2 நொடி. கண்ட்ரோல்-ஜி அடித்துவிட்டு 2 நொடி காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் சிக்னலின் அருமை தெரியும்.

பழைய ஏற்பாடு ஏன் கைவிடப்பட்டது

ஆரம்ப கால இமாக்ஸில் சிக்ஐஓ ஹேண்ட்லர் உள்ளேயே எல்லாம் நடந்தது. சிக்னல் வந்ததும் ஹேண்ட்லர் எக்ஸ் சாக்கெட்டைப் படிக்கும், நிகழ்வுகளைப் பிரிக்கும், விசை வரிசையில் போடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே உடைகிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

லிஸ்ப் ஒரு சரத்தை உருவாக்குகிறது. அதற்காக, நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மால்லாக் அழைக்கப்படுகிறது. மால்லாக் தன் உள்பட்டியலைத் திருத்துவதற்காகப் பூட்டைப் போட்டுக்கொள்கிறது. பட்டியலின் ஒரு சுட்டி மாற்றப்பட்டுவிட்டது, அடுத்தது இன்னும் மாறவில்லை. இந்த நேரத்தில் பயனர் ஒரு விசையை அழுத்துகிறார். கர்னல் மால்லாக்கை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஹேண்ட்லரை ஓட்டுகிறது. ஹேண்ட்லர் எக்ஸ் நூலகத்தை அழைக்கிறது. அந்த நூலகம் நிகழ்வை வைக்க இடம் கேட்டு மால்லாக்கை அழைக்கிறது. பூட்டு போட்டிருப்பது இதே த்ரெட். அதைத் திறக்க வேண்டிய நிரலோ, இந்த ஹேண்ட்லர் முடிந்தால்தான் மறுபடி ஓடும். எடிட்டர் அப்படியே உறைந்துவிடும். கர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தால் ஃபியூடெக்ஸ் என்ற பூட்டுக் காத்திருப்பில் ஒரே ஒரு வரி அசையாமல் நிற்கும். பூட்டில்லாத பழைய மால்லாக்காக இருந்தால் இன்னும் மோசம். உறையாது, பட்டியல் சத்தமில்லாமல் கெடும். பத்து நிமிடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும்.

இதைத் தடுக்க பிளாக்_இன்புட், அன்பிளாக்_இன்புட் என்று ஒரு ஜோடி வைத்தார்கள். ஆபத்தான பகுதிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எக்ஸ் அழைப்புகள் அத்தனையையும் சுற்றி இதைப் போட்டார்கள். மால்லாக்கையும் விடவில்லை, குனு சி நூலகம் தந்த கொக்கியில் தங்கள் சொந்த உறையை மாட்டி, ஒவ்வொரு முறை இடம் கேட்கும்போதும் சிக்னல் வேலையைத் தள்ளிவைத்தார்கள். ஓர் இடத்தில் மறந்தால் போதும், அந்த இடத்தில் ஓட்டை. மறக்காமல் இருப்பதை நம்பிய வடிவமைப்பு என்றைக்காவது ஒருநாள் காலை வாரும். 2012-இல் நடந்த பெரிய துப்புரவில் இந்தப் பாதை நிரலிலிருந்தே போயிற்று. முன்பு விருப்பத் தேர்வாக இருந்த ஒத்திசைந்த உள்ளீடு (ஹேண்ட்லருக்கு வெளியே மைய நிரலே படிப்பது) அதற்குப் பிறகு ஒரே வழியாயிற்று.

இப்போது ஹேண்ட்லரில் என்ன இருக்கிறது

இரண்டே வேலை. பெண்டிங்_சிக்னல்ஸ் என்ற கொடியை உண்மை என்று வைக்கிறது. காத்திருப்பு நேரத்துக்கான சுட்டி ஒன்று பதிவாகியிருந்தால் அந்த நேரத்தைச் சுழியமாக்குகிறது. அவ்வளவுதான். படிப்பது, பிரிப்பது, இடம் ஒதுக்குவது எதுவும் அதில் கிடையாது.

அதைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது; சிஸ்டெப்.சி-யில் டெலிவர்_பிராசஸ்_சிக்னல் என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். பத்துப் பதினைந்து வரிதான். ஆனால் சொந்தமாக எழுதுகிறவர்கள் தவறவிடும் இரண்டு விஷயம் அதில் உண்டு. ஒன்று, நுழையும்போது எர்நோவை (கடைசிப் பிழையின் எண்ணை) எடுத்து வைத்துக்கொண்டு வெளியேறும்போது திரும்ப வைக்கிறது. மைய நிரல் ஒரு ரீட் தோற்றதும் எர்நோவைப் பார்க்கப் போகும் நேரத்தில் ஹேண்ட்லர் புகுந்து அதை மாற்றிவிட்டால், மைய நிரல் தவறான பிழையை நம்பித் தவறான முடிவெடுக்கும். இப்படிப்பட்ட பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டுவது குதிரைக் கொம்பு. இரண்டு, சிக்னல் வேறு த்ரெட்டில் வந்து விழுந்தால் அந்த த்ரெட்டில் அந்தச் சிக்னலை அடைத்துவிட்டு, பித்ரெட்_கில் மூலம் மைய த்ரெட்டுக்கே தள்ளிவிடுகிறது. ஜிடிகே போன்ற வரைகலை நூலகங்கள் உங்களைக் கேட்காமலே த்ரெட் உருவாக்கும். 'என் நிரலில் ஒரே த்ரெட்தான்' என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத காலம் இது.

கொடியை யார் பார்ப்பது? மேபி_குவிட் என்ற சிறு செயற்கூறு. லிஸ்ப் மதிப்பீட்டின் வழியிலும், நீண்டு ஓடக்கூடிய சி சுழல்களிலும் அது தூவப்பட்டிருக்கிறது. குவிட் கொடியோ (நிறுத்தச் சொல்லும் கொடி) பெண்டிங் கொடியோ தூக்கியிருந்தால்தான் வேலை. இல்லையென்றால் இரண்டு ஒப்பீட்டோடு சரி. அதுகூடக் கனம் என்று தோன்றும் சுழல்களுக்கு ரேர்லி_குவிட் இருக்கிறது. 16 பிட் எண்ணியைக் கொடுத்தால் அது ஒரு சுற்று முடிந்து சுழியத்துக்கு வரும்போது மட்டும், அதாவது 65,536 சுற்றுக்கு ஒருமுறை, பார்க்கும்.

இங்கே ஒரு வரிசையைக் கவனிக்க வேண்டும். கொடி தூக்கியிருப்பது தெரிந்ததும் இமாக்ஸ் முதலில் கொடியை இறக்குகிறது, அதன் பிறகே படிக்கப் போகிறது. அற்பமாகத் தெரியும். மாற்றிப் பாருங்கள்: படித்து முடித்தாயிற்று, இனி கொடியை இறக்க வேண்டும், அந்த இடைவெளியில் புது விசை வந்து ஹேண்ட்லர் கொடியைத் தூக்குகிறது, அடுத்த கட்டளையில் நீங்கள் அதை இறக்கிவிடுகிறீர்கள். விசை சாக்கெட்டில் கிடக்கிறது, கொடி கீழே கிடக்கிறது. அடுத்த விசை வரும்வரை முந்தையது தெரியாது. 'எப்போதாவது ஒரு எழுத்து தாமதமாக விழுகிறது' என்று பயனர் சொல்லும் புகாரில் பாதி இந்த வகைதான். முதலில் இறக்கினால் அதிகபட்சம் ஒருமுறை வீணாக எட்டிப் பார்ப்போம், அதில் நஷ்டமில்லை.

படிப்பதும் ஒரே வாசிப்போடு நிற்பதில்லை. சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்காது. ஐந்து விசைக்கு ஐந்து சிக்ஐஓ வரும் என்று எண்ணக் கூடாது. ஐந்தும் சேர்ந்து ஒன்றாகவே வந்து சேரலாம். அதனால் 'இனி ஒன்றுமில்லை' என்று பதில் வரும்வரை சுழன்று படிக்கிறது. இன்புட் அடைக்கப்பட்டிருக்கும் நேரமாக இருந்தால் கொடியை மறுபடி தூக்கிவைத்துவிட்டு விலகுகிறது. அடைப்பு நீங்கியதும் வேலை தானாகத் தொடரும்.

பெரிய துண்டு உரையை டெர்மினலில் ஒட்டும்போது நடப்பதும் அழகு. விசை நிகழ்வுகளுக்கான வளையப் பஃபரில் 4096 இடம். பாதிக்கு மேல் நிரம்பினால் கீபோர்டைப் படிப்பதை நிறுத்தி, சிக்ஐஓ-வையும் தற்காலிகமாக அணைத்துவிடுகிறது. கால்வாசிக்குக் கீழே, அதாவது 1024-க்குக் கீழே இறங்கிய பிறகே மறுபடி திறக்கிறது. மூடும் அளவும் திறக்கும் அளவும் ஒன்றாக இருந்திருந்தால், எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் அணைத்து, போட்டு, அணைத்து என்று அல்லாடியிருக்கும்.

அடைப்பு எண்ணியும் அதன் தப்பிப்பும்

பிளாக்_இன்புட் இன்றும் எக்ஸ் பக்கத்து நிரலில் நூற்றுக்கணக்கான இடங்களில் இருக்கிறது. உள்ளே அது ஓர் எண்ணியை ஒன்று கூட்டுவதுதான். அன்பிளாக் ஒன்று கழிக்கும். சுழியத்துக்கு வந்ததும் கொடி தூக்கியிருந்தால் தள்ளிவைத்த வேலை நடக்கும். சுழியத்துக்குக் கீழே போனால் ஜோடி எங்கோ தவறிவிட்டது என்று பொருள். சமாளித்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே அபார்ட் ஆகிறது. இது சரியான கடுமை. சிக்பிராக்மாஸ்க்கால் உண்மையாகவே சிக்னலை அடைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய் வர வேண்டும், இரண்டு பக்கமும். எண்ணிக்கு அந்தச் செலவில்லை.

எண்ணியின் பெரிய பலவீனம் பாதியில் வெளியேறுவது. அடைத்த பகுதிக்குள் லிஸ்ப் பிழை எழுந்து, லாங்ஜம்ப் வழியாக நிரல் வெளியே குதித்துவிட்டால் அன்பிளாக் வரி ஓடவே ஓடாது. எண்ணி 1-இல் நின்றுவிடும். திரையில் எல்லாம் நன்றாகத் தெரியும், கீபோர்டு மட்டும் செத்துக் கிடக்கும். இதற்கு இமாக்ஸின் மருந்து எளிமையானது. ஒவ்வொரு பிழைப் பிடிப்பானைப் பதியும்போதும் அந்த நேரத்து எண்ணியின் மதிப்பை அதனுடன் சேர்த்து வைக்கிறது. பிழை அந்தப் பிடிப்பானுக்குத் திரும்பும்போது எண்ணியை அந்த மதிப்புக்கே இறக்கிவிடுகிறது. பைத்தானோ லுவாவோ உள்ளே பொதித்த எடிட்டர் எழுதுகிறவர்கள் இந்த ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டாலே பாதிப் புகார் குறையும்.

காத்திருக்கும் பகுதிக்கு வருவோம். 'கொடி கீழே இருக்கிறது, தூங்கலாம்' என்று முடிவெடுத்து, உள்ளீடு வரும்வரை காத்திருக்கும் செலக்ட் அழைப்பதற்குள் சிக்னல் வந்துபோனால் எடிட்டர் தூங்கிவிடும். ஹேண்ட்லர் காத்திருப்பு நேரத்தைச் சுழியமாக்குவது இதற்குத்தான்: செலக்ட் உள்ளே போனதுமே திரும்பி வரும். பழைய தந்திரம், முழுமையானது அல்ல. குனு சி நூலகத்தின் பிசெலக்ட் (செலக்டின் இன்னொரு வடிவம்) கொடுத்த நேரத்தைத் தன் சொந்த மாறியில் நகலெடுத்த பிறகே கர்னலுக்குள் நுழைகிறது. நகலெடுத்த பின்னும் நுழைவதற்கு முன்னும் சில கட்டளைகள் அளவுக்கு இடைவெளி மிச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கீபோர்டைப் பொறுத்தவரை இதனால் கெடுதல் இல்லை. ஹேண்ட்லர் இப்போது எதையும் படிப்பதில்லை என்பதால் பைட்டுகள் சாக்கெட்டிலேயே இருக்கின்றன. செலக்ட் அவற்றைக் கண்டு தானாகவே உடனே திரும்பும். படிக்கும் வேலையை ஹேண்ட்லரிலிருந்து எடுத்ததில் கிடைத்த இரண்டாவது லாபம் இது. சொல்லப்போனால் முதலாவதைவிடப் பெரியது.

கோப்பு விவரிப்பான் (கோப்பு, சாக்கெட்டுகளுக்குக் கர்னல் தரும் எண்) இல்லாத சிக்னல்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. துணைப் பிராசஸ் செத்ததைச் சொல்லும் சிக்சைல்டுக்குச் செலக்ட் பார்க்க ஒன்றும் கிடையாது. அதற்குப் புதிய பதிப்புகளில் பைப் ஒன்றைத் திறந்து, ஹேண்ட்லரில் ஒரு பைட் எழுதி, மறுமுனையைச் செலக்ட் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ரைட் அழைப்பு ஹேண்ட்லருக்குள் அனுமதிக்கப்பட்டவற்றில் ஒன்று. பைப்பின் இருமுனையையும் ஓ_நான்பிளாக் (காத்திராமல் உடனே திரும்பும் கொடி) செய்யாமல் விட்டால் அதுவே புது உறைவுக்கு வழி: பைப் நிரம்பியதும் ஹேண்ட்லர் உள்ளேயே நின்றுவிடும்.

சன்னல் அளவு மாறும்போது

டெர்மினல் சன்னலை இழுத்தால் சிக்விஞ்ச் வரும், எக்ஸ்86 லினக்ஸில் எண் 28. இமாக்ஸின் ஹேண்ட்லர் கர்னலிடம் புதிய அளவைக் கேட்கிறது; அகலம் 5-க்கு மேலும் உயரம் 2-க்கு மேலும் இருந்தால் மட்டும் குறித்துக்கொள்கிறது. திரைக்கான அட்டவணைகளை மறுபடி ஒதுக்குவதை வெளியே, பிறகு செய்கிறது. நானோவும் விம்மும் இன்னும் ஒரு படி மேல். அவற்றின் ஹேண்ட்லரில் 'அளவு மாறியது' என்ற ஒரு மாறி மட்டும் உயர்கிறது.

மாறாகக் கிலோவைப் பாருங்கள். ஆயிரம் வரிக்குள் அடங்கும் சி எடிட்டர், 2016-இல் வந்தது, எடிட்டர் எழுதப் பழகுகிறவர்கள் பலர் முதலில் பிரித்துப் பார்ப்பது. அதன் சிக்விஞ்ச் ஹேண்ட்லர் அளவைக் கேட்டுவிட்டு அதே கையோடு முழுத் திரையையும் வரைகிறது. வரைவதற்கு ஒவ்வொரு துண்டாகச் சேர்க்கும் பஃபர், ரீஅல்லாக்கால் வளர்கிறது. மைய நிரலும் அதே நேரத்தில் ஒரு வரியை ரீஅல்லாக் செய்துகொண்டிருந்தால்? மேலே சொன்ன மால்லாக் கதைதான் மறுபடி. சில மணி நேரத்தில் எழுதிய ஆல்ஃபா என்று அதன் ஆசிரியரே சொல்லிவிட்டதால் கிலோவைக் குறை சொல்வதற்கில்லை. அதைப் படித்துவிட்டு அந்தப் பத்து வரியை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை.

அதிலேயே இன்னொரு கண்ணி. கிலோவில் ரீட் -1 கொடுத்தால் எக்ஸிட் ஆகிவிடும். லினக்ஸில் சிக்னல் என்ற பழைய அழைப்பால் ஹேண்ட்லர் பொருத்தும்போது தடைபட்ட ரீட் தானாகத் தொடங்கிவிடுவதால் இது வெளியே தெரியாது. 'முறையாகச் செய்வோம்' என்று யாராவது அதைச் சிக்ஆக்ஷனுக்கு மாற்றி, எஸ்ஏ_ரீஸ்டார்ட் போட மறந்தால், சன்னலை இழுத்த நொடியில் ரீட் இஇன்டர் (சிக்னலால் தடைபட்டது) பிழையோடு திரும்பும். எடிட்டர் சேமிக்காமலே மூடிக்கொள்ளும். -1 வந்தால் எர்நோ இஇன்டரா என்று பார்த்து, ஆம் என்றால் மறுபடி படிப்பதுதான் மருந்து. எஸ்ஏ_ரீஸ்டார்ட் போட்டாலும் செலக்ட், போல் என்ற இரண்டு அழைப்புகளும் லினக்ஸில் தானாகத் தொடங்குவதில்லை என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை எப்படியும் வேண்டும்.

இமாக்ஸ் கோப்பில் எழுதும்போதும் இஇன்டருக்குப் பிறகு மறுபடி முயல்கிறது. ஆனால் அந்தச் சுழலில் மேபி_குவிட் இல்லை. வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். சேமிக்கும் நடுவில் கண்ட்ரோல்-ஜி வேலை செய்தால் கோப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். நிறுத்தும் வசதியை எங்கே தரக் கூடாது என்று யோசித்ததற்கு நல்ல உதாரணம்.

குறைகள்

மேபி_குவிட் இருக்கும் இடத்தில்தான் கண்ட்ரோல்-ஜி கேட்கும். வெளி நூலகம் ஒன்றுக்குள் போய்விட்டால் அது திரும்பும்வரை கொடி மட்டும் தூக்கியபடி நிற்கும். முன்பு இமீடியட்_குவிட் என்று ஒன்று இருந்தது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் போன்ற இடங்களில் ஹேண்ட்லரிலிருந்தே நேராகத் தாவி வெளியேறலாம். ஆபத்து என்று 2017-இல் நீக்கி, சுழல்களுக்குள் மேபி_குவிட் வைத்தார்கள். சரியான முடிவு. ஆனால் எங்கே வைக்கவில்லையோ அங்கே உறைவு பயனரின் தலையில்.

சி-யில் இமாக்ஸுக்கான மாட்யூல் (இணைப்பு நிரல்) எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. 26-ஆம் பதிப்பில் வந்த ஷுட்_குவிட் என்ற அழைப்பு குவிட் கொடியை மட்டும் பார்க்கும், சாக்கெட்டைப் படிக்காது. டெர்மினலில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே சிக்இன்ட் ஹேண்ட்லரே குவிட் கொடியைத் தூக்கிவிடுகிறது. எக்ஸ் விண்டோவிலோ கண்ட்ரோல்-ஜி சாக்கெட்டில் படிக்கப்படாமல் கிடக்கும். மாட்யூல் முடியும்வரை யாருக்கும் தெரியாது. 27-இல் சேர்ந்த பிராசஸ்_இன்புட்டை அழைத்தால்தான் நிகழ்வுகள் படிக்கப்படும். சில ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை அழைத்து, குவிட் என்று பதில் வந்தால் ஒதுக்கிய இடத்தை விடுவித்து உடனே திரும்ப வேண்டும். அந்த அழைப்பின் போது லிஸ்ப் ஓடலாம் என்பதால் பஃபரைப் பற்றி முன்பு எடுத்துவைத்த கணக்குகளை அதற்குப் பிறகு நம்பக் கூடாது.

லிஸ்ப் பக்கத்தில், டைமர்களும் பிராசஸ் ஃபில்டர்களும் குவிட் தடுக்கப்பட்ட நிலையில் ஓடுகின்றன. அங்கே நீண்ட வேலை செய்தால் கண்ட்ரோல்-ஜி பலிக்காது. வித்-லோக்கல்-குவிட் சுற்றிப் போட வேண்டும். அகப்பட்டுக்கொண்ட பயனருக்கு இரண்டு கதவு: கண்ட்ரோல்-ஜி-யை மூன்று முறை அடித்தால் தடை நீங்கும். அதுவும் போதவில்லை என்றால் வேறொரு டெர்மினலிலிருந்து கில் -யூஎஸ்ஆர்2 என்று பிராசஸ் எண்ணுடன் அனுப்பினால் லிஸ்ப் டிபக்கர் திறந்து எங்கே சிக்கியது என்று காட்டும். இந்த இரண்டாவது கதவு கையேட்டில் ஒரு மூலையில் கிடப்பது நியாயமே இல்லை.

காப்பியடிக்கக் கூடாதவை என்று சொன்ன இரண்டில் முதலாவது டெர்மினலின் அவசரக் கதவு. முதல் கண்ட்ரோல்-ஜி இன்னும் கவனிக்கப்படாத நிலையில் இரண்டாவது அடித்தால், சிக்இன்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே தானியங்கிச் சேமிப்பு வேண்டுமா, கோர் கோப்போடு நிறுத்தவா என்று கேள்வி கேட்கிறது. ஆம் என்றால் ஹேண்ட்லருக்குள்ளிருந்தே சேமிப்பு நிரல் ஓடுகிறது. இதுவரை சொன்ன விதிகள் எல்லாவற்றையும் தெரிந்தே மீறும் இடம். பயன்படாத நினைவகத்தை மீட்கும் குப்பை சேகரிப்பு நடந்துகொண்டிருந்தால் மட்டும் மறுத்துவிடுகிறது. எப்படியும் உறைந்துவிட்ட எடிட்டர், இழக்க ஒன்றுமில்லை என்ற கணக்கு. இமாக்ஸுக்கு அது பொருந்தும், சின்ன எடிட்டருக்குத் தேவையே இல்லை. இரண்டாவது, கொடிகளின் வகை. சி தரம் ஹேண்ட்லரிலிருந்து எழுத உறுதி தருவது வோலட்டைல் சிக்_அடாமிக்_டி-க்குத்தான். இமாக்ஸ் பெண்டிங் கொடிக்கு வோலட்டைல் பூலும், குவிட் கொடிக்கு முழு லிஸ்ப் மதிப்பும் பயன்படுத்துகிறது. அது ஓடும் கணினிகளில் பிரச்சினை இல்லை. புதிதாக எழுதும்போது சரியான வகையையே போடுவதற்கு ஒரு வரிகூட அதிகம் ஆகாது.

உங்கள் எடிட்டரில் சோதிக்க

பிராக் அடைவில் உங்கள் பிராசஸ் எண்ணின் கீழுள்ள ஸ்டேட்டஸ் கோப்பில் சிக்சிஜிடி என்ற வரி எந்தச் சிக்னல்களுக்கு ஹேண்ட்லர் இருக்கிறது என்று பதினாறடிமானத்தில் சொல்லும். சிக்ஐஓ, சிக்விஞ்ச் இரண்டும் பொருத்தியிருந்தால் வலமிருந்து எட்டாவது இலக்கத்தில் 1-க்கான பிட்டும் ஏழாவதில் 8-க்கான பிட்டும் இருக்கும். சிக்பிஎல்கே வரியில் அவை தெரிந்தால் எங்கோ அடைத்துவிட்டுத் திறக்க மறந்திருக்கிறீர்கள்.

பிறகு ஒரு ஷெல்லில் இடைவெளியே இல்லாமல் கில் -விஞ்ச் அனுப்பும் சுழலை ஓடவிட்டு, மறுபக்கம் எடிட்டரில் சில மெகாபைட் உரையை ஒட்டுங்கள்; ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சேமியுங்கள், சேமித்ததை மூலத்தோடு டிஃப் செய்யுங்கள். ஹேண்ட்லருக்குள் மால்லாக் ஒளிந்திருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் உறையும். கடைசியாக எடிட்டரைக் கில் -9 கொடுத்துக் கொன்றுவிட்டு அதே ஷெல்லில் கேட் என்று மட்டும் தட்டுங்கள். 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்' என்று வந்தால், ஓ_நான்பிளாக் கொடியை டெர்மினலில் விட்டுவிட்டுச் செத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கொடி உங்கள் பிராசஸுக்கு மட்டும் சொந்தமல்ல, ஷெல்லோடு பங்கு. கில் -9-ஐத் தடுக்க யாராலும் முடியாது என்பதால், டெர்மினலின் உள்ளீட்டில் அந்தக் கொடியைப் போடாமலே, எத்தனை பைட் இருக்கிறது என்று எஃப்ஐஓஎன்ரீட் கேட்டு அதை மட்டும் படிக்கிற இமாக்ஸின் வழிதான் இங்கேயும் பாதுகாப்பு.